வின்சென்டின் லேப்டாப்பும் மூன்று வயர்லெஸ் கார்டுகளும்

‘லினக்ஸுக்கு எந்த வயர்லெஸ் கார்டு நல்லது அக்கா?’ ரிப்பேர்க் கடையை ஒப்படைத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்த பிறகும், இந்தத் தொழில் பார்க்கும் உங்களில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியை வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிடுகிறீர்கள். பின்னால் பஸ் ஹாரன், பரோட்டாக் கல்லில் தட்டும் சத்தம், நடுவில் இந்தக் கேள்வி. ‘யாருக்கு?’ என்று நான் திருப்பிக் கேட்டால் லேப்டாப் கம்பெனியின் பெயரைச் சொல்கிறீர்கள். நான் கேட்டது அதற்கு முன்னால் உட்காரும் ஆளை. இப்படிச் சொன்னதற்கு, ‘அக்கா ரிட்டயர் ஆனதும் தத்துவம் பேசத் தொடங்கியாச்சு’ என்று உங்கள் குரூப்பில் ஒருவன் எழுதினான். ஸ்க்ரீன்ஷாட் எனக்கும் வந்து சேர்ந்தது, மக்கா.

ஆகவே தத்துவத்தை விட்டுவிட்டு, நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கேரள எல்லையில், பாறசாலை ஜங்ஷனில் என் கடை இருந்த கடைசிக் காலத்தில் நடந்தது. எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கெல்லாம் உங்களிடம் வீடியோக்கள் உண்டு. அதில் நான் தலையிடப் போவதில்லை.

வின்சென்ட் குன்னத்துகாலில் இருந்தான். பிறந்தது கடற்கரையில். அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லாரும் வள்ளத்தில் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் அலையில் ஏறினாலே வயிறு புரட்டும். அதனால் கேபிள் டிவிக்கு வயர் இழுக்கும் வேலைக்குப் போனான். ‘கடலுக்குப் பயந்து கம்பத்தில் ஏறினேன், கம்பம் தள்ளிவிட்டது’ என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். விழுந்ததில் கழுத்து எலும்பு நொறுங்கிவிட்டது. அதன் பிறகு வலது கையில் ஒரு விரலும் வாயும்தான் அவன் சொன்னபடி கேட்டன. வாய் மட்டும் இரண்டு ஆள் வேலையைச் செய்தது.

அந்த ஒரு விரலுக்கு ஒரு லேப்டாப்பைப் பழக்கி வைத்திருந்தான். வெல்டிங் கடையில் சொல்லிச் செய்த இரும்புக் கை ஒன்று சுவரிலிருந்து நீண்டு, கட்டிலில் கிடக்கும் அவன் முகத்துக்கு நேராக அதைத் தாங்கி நிற்கும். திரையில் எழுத்துகளும் படங்களும் வரிசை வரிசையாக மின்னிக்கொண்டே போகும். வேண்டியது வந்ததும் விரலடியில் இருக்கும் ஒரே பட்டனை அழுத்துவான். லினக்ஸ் என்பதால் எல்லாவற்றையும் தன் வசதிக்கு மாற்றியிருந்தான். பேன், லைட், வாசல் கதவின் பூட்டு, அடுத்த வீட்டு ஓமனாவின் அடுக்களையில் ஒரு மணி, எல்லாமே வீட்டு வைஃபை வழியாக அந்த லேப்டாப்பிலிருந்து நடக்கும். வயரிங் முழுக்க அவன் மனைவி லிஸி செய்தது. அவன் சொல்லச் சொல்ல அவள் ஸ்டூலில் ஏறி முறுக்கினாள். நடுவில் ஃபியூஸ் போனதும், அவளுக்குக் கோபம் வந்து இறங்கிப் போனதும் உண்டு.

போனைக் குரலால் இயக்கலாமே என்பீர்கள். அதையும் செய்து பார்த்தான். எங்கள் ஊரில் ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பி மலையாளத்தில் போய் இறங்கும். போன் பாவம், பேனைப் போடச் சொன்னால் தூத்துக்குடியில் மழை வருமா என்று சொன்னது.

இந்த நேரத்தில் லிஸிக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு சர்க்கார் ஆபீஸில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. பரீட்சை எழுதி, ரேங்க் லிஸ்டில் பெயர் தொங்கிக்கொண்டே இருந்து, லிஸ்ட் காலாவதியாகப் போகும் நேரத்தில் வந்த வேலை. சேர்வதற்கு ஒரு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இனி நீட்டித் தர மாட்டார்கள். திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. அவள் போனால் வின்சென்ட் பகல் முழுக்கத் தனியாகக் கிடக்க வேண்டும். மதியம் ஓமனா வந்து கஞ்சி கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் அந்த லேப்டாப்தான். அதிலிருந்து அவன் ஓமனாவின் மணியை அடிக்கலாம், லிஸியை வீடியோவில் கூப்பிடலாம். அந்தத் தைரியத்தில்தான் அவள் சம்மதித்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பாயசம் வந்தது. லிஸியின் அண்ணன் தேவதாஸ் மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடையில் மேனேஜர். தங்கைக்கு சர்க்கார் வேலை என்றதும் தூக்குப் பாத்திரம் நிறைய அடைப்பிரதமன் கொண்டுவந்தார். அளியனுக்கு, அதாவது தங்கை புருஷனுக்கு, தன் கையாலேயே ஊட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இரும்புக் கையை ஒதுக்கி வைக்காமல் குனிந்தார், நிமிர்ந்தார், தலை லேப்டாப்பில் இடித்தது, டம்ளர் கீபோர்டின் ஓரத்தில் கவிழ்ந்தது. துடைத்தார்கள், கவிழ்த்து வைத்தார்கள், மறுபடி ஓடியது. ஆனால் வெல்லத்தைத் தேடி எறும்புகள் உள்ளே குடியேறிவிட்டன. வெள்ளிக்கிழமை மற்றதெல்லாம் நன்றாக இருக்க, வைஃபை பிடிக்கும் கார்டு மட்டும் செத்துப்போனது.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாநில எல்லை எங்களுக்கு ஒரு சந்தையின் இரண்டு ஓரங்கள். கோழியை எந்தப் பக்கம் வாங்குவது, சிமெண்டை எந்தப் பக்கம், கல்யாணத் துணியை எந்தப் பக்கம் என்று வீட்டுக்கு வீடு ஒரு தீர்மானம் உண்டு. தான் வாங்கிய பக்கம் மட்டம் என்று ஒப்புக்கொண்ட மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை லிஸி லேப்டாப்போடு என் கடைக்கு வந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் தேவதாஸ், கையில் மார்த்தாண்டத்தில் வாங்கிய கார்டு. அந்தப் பக்கம் வின்சென்டின் தம்பி ஷிபு, கையில் திருவனந்தபுரத்தில் வாங்கிய கார்டு. லேப்டாப் என்ன மாடல் என்று இருவருமே பார்க்கவில்லை. கடையில் இருப்பதிலேயே நல்லதைக் கொடு என்று கேட்டு வாங்கியிருந்தார்கள்.

“எக்கா, இத மாட்டுங்க. இதுக்க மேல ஒண்ணு இல்லேன்னாக்கும் கடைக்காரன் சொன்னான்” என்றார் தேவதாஸ்.

“அளியா, அது மட்டச் சாதனம்லா. இது தலைஸ்தானத்துல வாங்குனதாக்கும்” என்றான் ஷிபு.

“எலே, ஒனக்க தலைஸ்தானத்துல என்ன, கார்டு மரத்துல காய்க்குதா?”

இரண்டு பெட்டிகளின் அடியிலும் ஒரே இறக்குமதிக்காரரின் ஸ்டிக்கர் இருந்தது. நான் காட்டவில்லை. சண்டை சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது, கெடுப்பானேன்?

வெளியே செருகும் சின்ன வைஃபை துண்டு போதுமே என்று உங்களில் கெட்டிக்காரர்கள் இந்நேரம் முணுமுணுப்பீர்கள். அந்த லேப்டாப்பில் இருந்தது இரண்டே யுஎஸ்பி துளை. ஒன்றில் அவன் விரல் பட்டன், இன்னொன்றை இரும்புக் கையின் பிடி மறைத்திருந்தது. உள்ளே வைக்கும் கார்டுதான் வழி.

தேவதாஸ் மூத்தவர், ஆகவே அவருடைய கார்டை முதலில் போட்டேன். அளவு சரி, துளை சரி, ஸ்க்ரூவும் சரி. லேப்டாப் அப்படி ஒன்று வந்திருப்பதையே கண்டுகொள்ளவில்லை. அந்த வகைக் கார்டு தன் வேலையில் பாதியைப் பிராசசரிடம் ஒப்படைத்துவிடும். அதற்கென்று உள்ள பிராசசர் இருந்தால்தான் அது வாயைத் திறக்கும். இந்த லேப்டாப்பில் அது இல்லை.

“பொண்ணு ரெடியாக்கும். மாப்பிள இந்த வீட்டுல இல்ல” என்று விளக்கினேன். தேவதாஸ் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஷிபுவின் கார்டை லேப்டாப் உடனே அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் லினக்ஸுக்குள் கிடையாது, வெளியிலிருந்து இறக்கிச் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். வைஃபையின் பட்டைகள் திரை ஓரத்தில் எழுந்து நின்றன. ஷிபு என் கவுண்டரில் தாளம் போட்டு, “எப்படி அளியா? எப்படி?” என்று தேவதாஸைச் சுற்றி வந்தான். லிஸி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போன் செய்தாள். அங்கே ஓமனா போனை வின்சென்டின் காதில் பிடித்திருந்தாள்.

“எக்கா, மதி. அது போரும். கொடுத்துவிடுங்க” என்று வின்சென்டின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மெஷின் ஓடுகிறது. வாடிக்கையாளர் அழுது முடித்துச் சிரிக்கிறார். எல்லாரும் கொடு கொடு என்கிறார்கள். நானும் மனுஷிதான், கொடுத்துவிட எனக்கும் கை பரபரத்தது. நான் வேலை படித்த கடையின் முதலாளி இந்த மாதிரி நேரத்தில்தான் எழுந்து வருவார். நாங்கள் ரிப்பேர் முடித்த மெஷினை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்குவார், படாரென்று மூடுவார், திறப்பார். நாங்கள் பதறிக்கொண்டு ஓடினால், “கையெடு. நாளைக்குக் கெட்டா நீ அவங்க வீட்டுல இருப்பியா?” என்பார். எத்தனை நாள் அந்த மனிதரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன் தெரியுமா?

“லிஸி, இப்போ இத நான் கெடுத்துப் பாக்கப்போறேன்” என்றேன்.

“எதுக்கு எக்கா? ஓடுதுல்லா?” என்றான் ஷிபு.

லினக்ஸை முழுவதுமாக அப்டேட் செய்தேன். ரீஸ்டார்ட் கொடுத்தேன். திரை வந்தது, பட்டைகள் வரவில்லை. லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதும், வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட டிரைவர் கழன்று விழுந்துவிட்டது.

ஷிபுவின் முகம் சிவந்துவிட்டது. “நல்லா ஓடினத நீங்களாக்கும் கெடுத்தது! யாராவது செய்யுத காரியமா இது?” லிஸி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஷிபு கத்தியதைத் தாங்கிக்கொண்டேன். அவள் உட்கார்ந்த விதத்தைத்தான் தாங்க முடியவில்லை.

ஸ்பீக்கரில் வின்சென்ட் கேட்டான்: “அப்டேட்ட நிறுத்தி வச்சா போராதா எக்கா?”

“நிறுத்தலாம். நீ தொடாம இருப்பியா?”

அந்தப் பக்கம் ஓமனா சிரிப்பது கேட்டது. “இவனா? தொடாம இருக்கதா? நல்ல கதை!”

ஒரு விரலை வைத்துக்கொண்டு அந்த லேப்டாப்பை அடிக்கடி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மேய்கிறவன் அவன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில் அப்டேட் செய்வான், வைஃபை போகும். டிரைவரை மறுபடி இறக்க இன்டர்நெட் வேண்டும், அது இருக்காது. ஓமனாவின் மணியை அடிக்க வைஃபை வேண்டும், அதுவும் இருக்காது. பேன் நின்றால் நின்றதுதான். ஷிபுவிடம் இதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். “கெடணும்னா எனக்க மேஜையில கெடட்டும் மக்கா. ஒனக்க அண்ணனுக்க கட்டிலுல கெட்டா யாரு ஓடிவருவா?” அவன் தலையைச் சொறிந்துகொண்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான்.

சரி, எந்தக் கார்டு? தேவதாஸ் போனை எடுத்து மறுபடி ‘பெஸ்ட்’ என்று தேட ஆரம்பித்தார். நான் வேறு விதமாக யோசித்தேன். லினக்ஸ் ஓடுகிற மெஷின்கள் எங்கள் வட்டாரத்தில் நிறைய உண்டு, கேரளப் பள்ளிக்கூடங்களில் அதுதானே? அவற்றில் எதன் வைஃபையைப் பற்றி எனக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை? அப்படியே ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வந்தவள், முன்னால் இருந்த என் பில் போடும் லேப்டாப்பிலேயே வந்து நின்றேன். அதில் வைஃபை என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது. எத்தனையோ அப்டேட் போட்டிருக்கிறேன், ஒரு நாளும் அது என்னைக் கூப்பிட்டதில்லை. கவிழ்த்துப்போட்டுக் கழற்றினேன்.

“எக்கா, ஒங்க சொந்த மெஷினா! பழசுல்லா அது? நாங்க புதுசே வாங்கித் தாறோம்” என்று தேவதாஸ் பதறினார்.

“புதுச எனக்கு வாங்கித் தாருங்க. பழச இவனுக்குக் கொடுக்கேன்.”

பழசு என்றால் வேகம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அவன் பேனைப் போடுவதற்கு ராக்கெட் வேகம் எதற்கு? நான் பார்த்தது வேறு. துளையின் வகை ஒன்றுதானா? ஒன்றுதான். தன் வேலையைத் தானே முழுசாகச் செய்கிற கார்டா? ஆமாம். டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறதா? இருக்கிறது. இன்னும் ஒரு பயம் உண்டு. சில கம்பெனிகள் தாங்கள் வைத்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி லேப்டாப்பைப் பூட்டி வைத்திருக்கும். வேறு கார்டைக் கண்டால் கிளம்பவே கிளம்பாது. இந்த லேப்டாப் ஷிபுவின் கார்டோடு கிளம்பியதால் அந்தப் பூட்டு இல்லை என்பது உறுதி. “ஒனக்க கார்டு இதுக்காவது ஒதவிச்சு” என்றதும் டீயோடு வந்த ஷிபுவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

ஆண்டெனா வயர்களின் தலை கடுகு அளவுதான் இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டையும் நகத்தால் அழுத்தி உட்கார வைத்தேன். லேப்டாப்பைப் போட்டேன். எதையும் இறக்கவில்லை, சேர்க்கவில்லை. பட்டைகள் தாமாக வந்து நின்றன. மறுபடி ரீஸ்டார்ட், கரண்டைப் பிடுங்கி ஒரு முறை, மூடித் திறந்து ஒரு முறை. அசையவில்லை. இந்தத் தடவை யாரும் தாளம் போடவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இனி எதைக் கெடுப்பாளோ என்று.

கெடுக்க ஒன்று பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனை முடிந்ததும் கட்டிய சேலையோடு குன்னத்துகாலுக்குப் போனேன். லேப்டாப் இரும்புக் கையில் ஏறியிருந்தது. ஷிபு, தேவதாஸ், லிஸி, ஓமனா எல்லாரும் வின்சென்டின் கட்டிலைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் வெளிய இறங்குங்க” என்றேன்.

“ஆளில்லாம எப்படி எக்கா?” என்றாள் லிஸி.

“நாளைக்கு ஆளுண்டா?”

அவள் இறங்கினாள். கதவைச் சாத்தினேன், பூட்டு விழுந்தது. ஓமனாவை அவள் வீட்டு அடுக்களைக்கு அனுப்பினேன். வெளியே இருந்த மெயின் சுவிட்சை இறக்கி, மறுபடி ஏற்றினேன். கரண்டு போய் வந்தால் மோடம், லேப்டாப், மணி எல்லாம் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நாங்கள் முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்ட கயிற்றடியில் நின்றோம். உள்ளே சத்தமே இல்லை. லிஸி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிபு கதவைத் தள்ளப் போனான், தேவதாஸ் அவன் பனியனைப் பிடித்து இழுத்தார். “நில்லுலே. எக்கா சொன்னா நில்லு.” எல்லைச் சண்டை மறந்து அந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மோடம் எழுந்திருக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். தெரிந்தால் மட்டும் என்ன, நெஞ்சு கேட்கிறதா?

ஓமனாவின் அடுக்களையில் மணி அடித்தது.

ஒரு முறை அடித்து நிற்கவில்லை. விடாமல் அடித்தது. கோயில் திருவிழா மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. ஓமனா கையில் அகப்பையோடு, “போரும்டா, கேட்டாச்சு, போரும்!” என்று கத்திக்கொண்டு வேலியைத் தாண்டி வந்தாள். வாசல் கதவின் பூட்டு ‘டக்’ என்று திறந்தது. லைட் எரிந்தது, அணைந்தது, எரிந்தது. உள்ளே வின்சென்ட் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு கிடந்தான். அவன் சிரித்ததில் கட்டிலே ஆடியது. ஷிபு ஓடிப்போய் அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தான். தேவதாஸ் பாயசப் பாத்திரத்தை எடுத்ததும் எல்லாரும் ஒரே குரலில் அவரைத் சாப்பாட்டு மேஜைக்கு அப்பால் நிற்கச் சொன்னோம். அவர் அங்கேயே நின்று, எங்களுக்கெல்லாம் தூரத்திலிருந்து டம்ளரை நீட்டினார்.

இனி எனக்கு மெசேஜ் அனுப்பும்போது, அந்த ஆள் என்ன செய்கிறார், பகலில் கூட யார் இருக்கிறார்கள், கெட்டால் யாரைக் கூப்பிடுவார் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். கார்டு பெயர் தானாக வரும்.

திங்கட்கிழமை நடந்ததை லிஸி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிட்டாள். போனை மேஜையில் மல்லாக்க வைத்து, அதையே பார்த்துக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். அது அடிக்கவே இல்லை. மதியம் மற்றவர்கள் சாப்பிட எழுந்த நேரத்தில் அடித்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. வராந்தாவுக்கு ஓடி எடுத்தாள். திரையில் வின்சென்டின் முகம்.

“என்னாச்சு? என்ன வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம். நீ சோறு தின்னியா?”

“தின்னேன்” என்றாள் லிஸி. டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

“பொய் பறயாத. தின்னு, நான் பாக்கேன்.”

அவர்கள் வீட்டில் கட்டிலில் இருந்து பார்த்தால் அடுக்களை தெரியாது. அவனுக்கு ஊட்டி முடித்து, அங்கே போய் நின்றுகொண்டே எதையாவது வாயில் போட்டுக்கொள்வாள். தின்றாளா இல்லையா என்பதை அவன் படுத்த நாளிலிருந்து பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, போனைத் தூணில் சாய்த்து வைத்து, டப்பாவைத் திறந்தாள். மீன் கறியை ஊற்றிப் பிசைந்தாள். புது ஆபீஸில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்களாம். வின்சென்ட் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டுத்தான் எழுந்தாளாம்.